மாந்தோப்பில் நான்கு தூளிகள்
குடும்பத்தோடு ஓர் இரவுக்குச் சிக்கனமான ஏற்பாடு

தீபாவளி லீவு நெருங்கினால் மும்பைத் தமிழர் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் ஊருக்கா, இல்லையா?" அறுபது நாளுக்கு முன்னால் ரயில் முன்பதிவு திறக்கிறது, விழாக்கால டிக்கெட் திறந்த சில நிமிஷங்களில் தீர்ந்துவிடுகிறது. கிடைத்தாலும் ஐந்து பேர் திருநெல்வேலி போய்த் திரும்பும் செலவு இருக்கிறது. போன இடத்தில் வெறுங்கையோடு நிற்க முடியாது. ஆகவே பல வருஷங்களில் பதில் "இல்லை" என்றே முடிகிறது. பிள்ளைகள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் லீவைக் கழிக்கிறார்கள்.

நகரத்தை விட்டு ஓர் இரவாவது வெளியே போகலாம் என்றால், விடுதி வாடகை தலைக்கு மேலே நிற்கிறது. இந்தச் சிக்கலுக்கு நம் வீட்டிலேயே ஒரு வழி தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் அதை அவிழ்த்துவிட்டோம். அதுதான் தூளி.

இரண்டு மரங்களுக்கிடையே துணியைக் கட்டி அதில் பெரியவர்களும் படுத்துறங்கும் வழக்கம் உலகத்தில் புதிதல்ல. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் பருத்தி நூலால் பின்னிய தூங்குவலையில்தான் படுத்தார்கள். 1492-இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸின் கூட்டத்தார் அதைப் பார்த்து வியந்தார்கள். 'ஹமாக்' என்ற பெயரே அந்தத் தீவு மக்களின் சொல்லிலிருந்து வந்ததுதான். தரையில் பூச்சியும் ஈரமும் இல்லாத படுக்கை என்பதால் ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தூளி நேராகவே தொங்கும். மாலுமி உருண்டு விழமாட்டான்.

இன்று இதுவே உல்லாசப் பயணிகளின் சாமான் ஆகிவிட்டது. வெளிநாட்டு மார்க்குப் போட்ட தூளி ஒன்று, கட்டும் பட்டை, கொசுவலை, கூரை எல்லாம் சேர்த்தால் ஓர் ஆளுக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. நான்கு பேருக்கு என்றால் ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். நடைபாதைக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு நைலான் வலை ஊஞ்சல் கிடைக்கிறது. பகலில் அரைமணி ஆடுவதற்கு அது சரி. இரவு முழுதும் படுத்தால் முதுகில் வலையின் கட்டங்கள் பதிந்துவிடும்.

நடுவழி ஒன்று உண்டு. தைத்துக்கொள்வதுதான் அது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

டோம்பிவிலியில் இருக்கும் ஒரு குமாஸ்தா குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண், எட்டு வயதுப் பையன், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டி. ஆக ஐந்து பேர்.

இவர்களுக்கு எத்தனை தூளி வேண்டும்? நான்கே போதும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டிய பாட்டியைத் தூளியில் ஏற்றி இறக்குவது வம்பு. தோட்டக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் ஒரு கயிற்றுக் கட்டில் கிடைத்துவிடும். அதைத் தூளிகளின் நடுவே போட்டுவிடலாம். காவலுக்குக் காவலும் ஆயிற்று.

கடைக்குக் கடை விலை மாறும், அளவு மாறாது. ஆகவே இங்கே அளவுகள் தரப்படுகின்றன. விலையால் பெருக்கிக்கொள்வது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய காரியமல்ல.

துணி: பெரியவர் ஒருவருக்குத் தூளியின் நீளம் தைத்து முடித்தபின் 3 மீட்டர் இருக்க வேண்டும். இரு முனையும் மடித்துத் தைக்கக் கால் மீட்டர் போகும். ஆகவே 3.25 மீட்டர் வாங்க வேண்டும். அகலம் 58 அங்குலம். 'பாராசூட் துணி' என்று கேட்டால் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் எடுத்துப் போடுவார்கள். இலேசானது, பலமானது, ஈரமானாலும் சீக்கிரம் உலரும். கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து 6.5 மீட்டர். 36 அங்குல அகலத் துணி விலை மலிவாயிற்றே என்று ஆசைப்படக் கூடாது. அதில் படுத்தால் தோளை இரு பக்கமும் நெருக்கிச் சுருட்டிவிடும்.

பிள்ளைகளுக்குத் துணி வாங்கவே வேண்டாம். ஆறு கஜப் புடவையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். இரண்டாக மடித்தால் இரட்டைத் துணியாக 2.75 மீட்டர் வரும். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது தாராளம். 90-க்கு 100 அங்குல இரட்டைக் கட்டில் விரிப்பை நீளவாக்கில் மடித்தால் பையனுக்குத் தூளி ஆயிற்று. பாட்டியிடம் ஒன்பது கஜம் இருந்தால் இன்னும் விசேஷம். அதை மடித்தால் 4 மீட்டருக்கு மேல் வரும். பெரியவர் ஒருவரே படுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழைய துணி என்றால் நைந்த துணி என்று பொருளல்ல. துணியை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். நூல் விலகிய இடமும், பூச்சி அரித்த துளையும் வெளிச்சத்தில் தெரிந்துவிடும். பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் பலங்கொண்டு இழுத்துப் பார்க்க வேண்டும். 'சர்' என்று ஒரு சத்தம் கேட்டாலும் அது தூளிக்கு ஆகாது. கைப்பிடித் துணிக்கு ஆகும். நைந்த பருத்திப் புடவையைவிடப் பாலியெஸ்டர் புடவையே இதற்கு நம்பகமானது.

மடிப்பில் ஒரு லாபம் உண்டு. புடவையை மடித்த முனையில் இயல்பாகவே கயிறு நுழையும் வழி அமைந்துவிடுகிறது. மறு முனையை நான்கு விரற்கடை மடித்து மூன்று வரிசைத் தையல் போட்டால் போதும். நீளப் பக்கங்களில் ஒன்றைத் தைத்து மற்றொன்றைத் திறந்தே விட வேண்டும். இரண்டு துணிக்கும் நடுவே ஒரு பை கிடைக்கிறது. அதன் பயன் பின்னால் வருகிறது.

பணம் போட வேண்டிய இடம்

துணியில் சிக்கனம் செய்யலாம். கயிற்றில் செய்யக் கூடாது. காரணம் ஒரு சின்னக் கணக்கு.

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தூளியில் படுக்கிறார். கயிறு இரண்டு பக்கமும் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால், ஒவ்வொரு கயிற்றிலும் 60 கிலோ இழுவை விழுகிறது. தூளி தொங்கக் கூடாது, கட்டில்போல் நேராக இருக்கட்டும் என்று இழுத்துக் கட்டிச் சரிவை 10 டிகிரி ஆக்கினால், அதே ஆளுக்கு ஒவ்வொரு கயிற்றிலும் சுமார் 173 கிலோ ஆகிவிடுகிறது. 5 டிகிரி ஆக்கினால் 344 கிலோ! ஆள் எடை கூடவில்லை; கட்டிய விதம்தான் மாறியது. தூளி அறுந்து விழுவதும், சின்ன மரம் சாய்வதும் பெரும்பாலும் இந்த இறுக்கத்தால்தான். நன்றாகத் தொங்கும் தூளியே பத்திரமான தூளி.

30 டிகிரியை எப்படி அளப்பது? பிள்ளையின் ஜியோமெட்ரி பெட்டியில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். நீளமானதில் ஒரு மூலை 30 டிகிரி. கயிற்றின் பக்கத்தில் அதைப் பிடித்துப் பார்த்தால் தீர்ந்தது. அந்த வேலையைப் பெண்ணிடமே கொடுத்துவிடலாம். வகுப்பில் மனப்பாடம் செய்த கோணம் எதற்கு என்பது அன்று புரிந்துவிடும்.

தூளி ஒன்றுக்கு 8 மில்லிமீட்டர் நைலான் கயிறு 6 மீட்டர் வேண்டும். பக்கத்துக்கு மூன்று மீட்டர். நான்கு தூளிக்கு 24 மீட்டர். நல்ல தரமான புதுக் கயிறு ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் பாதிவரை குறையும். வெயிலிலும் தேய்விலும் இன்னும் குறையும். ஆகவே கடைக்காரர் சொல்லும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்புவது வழக்கம். கொடிக்கயிறு, பிளாஸ்டிக் சுதலி, பார்சல் கட்டும் கயிறு இவற்றை மனிதர் எடைக்குத் தொடவே கூடாது.

கயிற்றை நேரே மரத்தில் சுற்றினால் பட்டை அறுபடும். மரப்பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரத்தின் உணவு ஓடுகிறது; அது சுற்றிலும் வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும். தோட்டக்காரர் அடுத்த முறை வாசலில் நிற்கவிடமாட்டார். லாரியில் சரக்கு கட்டும் இரண்டு அங்குல அகலப் பட்டை இதற்கு ஏற்றது. மரத்துக்கு ஒன்றரை மீட்டர் வீதம், நான்கு தூளிக்கு எட்டுத் துண்டு. மொத்தம் 12 மீட்டர். நாக்தேவி தெருவின் இரும்புச் சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். பட்டையின் இரு முனையையும் மடித்துக் காதுபோலத் தைக்க வேண்டும். வீட்டுத் தையல் மெஷின் இதைத் தாங்காது. தாராவியில் தோல் பை தைக்கும் கடை ஒன்றில் கொடுத்தால் தடித்த நைலான் நூலில் நாலைந்து வரிசை ஓட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

பட்டையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு காதுகளையும் சேர்த்து, அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் போதும். மாடு கட்டத் தெரிந்தவருக்கு இந்த முடிச்சைச் சொல்லித்தர வேண்டாம். 'எஸ்' வளைவுக் கொக்கி, சாவிக்கொத்துக் கொக்கி எதுவும் வேண்டாம். அவை நிமிர்ந்துவிடும்.

இன்னொரு மெல்லிய கயிறும் அவசியம். தூளியின் இரண்டு முனைகளையும் தலைக்கு மேலே இணைக்கும் கயிறு இது. தூளி நீளத்தில் ஆறில் ஐந்து பங்கு இருக்க வேண்டும். 3 மீட்டர் தூளிக்கு 2.5 மீட்டர். மரங்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் இந்தக் கயிறு இருந்தால் தூளியின் தொங்கல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். கொசுவலையும் இதன்மேல்தான் தொங்கப்போகிறது.

முதுகுக் குளிரும் கொசுவும்

முதல் முறை தூளியில் படுப்பவர் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சொல்லும் குறை ஒன்றுதான்: "மேலே போர்வை இருக்கிறது, ஆனால் முதுகு விறைக்கிறது." மார்கழிக் குளிர் பெரிதாக இல்லாத கொங்கணத்திலும் இது நடக்கும். தரையில் படுத்தால் கீழே காற்றில்லை. தூளியிலோ மெல்லிய துணிக்கு அடியில் இரவெல்லாம் காற்று ஓடுகிறது. உடம்பின் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. முதுகுக்கடியில் போர்வையை மடித்துப் போட்டாலும் உடம்பின் கனத்தில் அது நசுங்கி, புரளும்போது நழுவியும் போகிறது.

இரட்டைத் துணித் தூளியின் பை இங்கேதான் உதவுகிறது. இரண்டு துணிக்கும் நடுவே ஒரு ஜமக்காளத்தையோ கம்பளியையோ நுழைத்துவிட்டால் அது நகராது. முதுகுக்குச் சூடு, கீழிருந்து கடிக்கும் கொசுவுக்கும் தடை. கொசு தூளித் துணியின் வழியாகவே முதுகில் ஊசி போடும் என்பதை ஒற்றைத் துணியில் படுத்தவர்கள் அறிவார்கள். ஒற்றைத் துணித் தூளியில் படுக்கும் பெரியவர்கள் தடித்த ஜமக்காளத்தைத் தூளி நீளத்துக்கே விரித்து, முனைகளில் நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும்.

கொசுவலைக்குத் தனிச் செலவில்லை. வீட்டில் இருக்கும் ஒற்றைக் கட்டில் வலையை மேல்கயிற்றில் தொங்கவிட்டு, கீழ் விளிம்பைத் தூளிக்கு அடியில் சேர்த்து நாடாவால் கட்டினால் போதும். விளிம்பு தரையில் புரண்டால் எறும்பும் பூச்சியும் ஏணி வைத்ததுபோல் ஏறிவரும்.

கூரைக்கு ஒரு தார்பாலின். மராத்தியில் 'தாட்பத்ரி' என்பார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழை அநேகமாக இராது. பனிக்கு மட்டும்தான் கூரை. பிள்ளைகளின் தூளிக்கும் பாட்டியின் கட்டிலுக்கும் மேலே ஒன்று இருந்தால் போதும். பெரியவர்கள் மரத்தின் இலைக்கூரையில் சமாளிக்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஏற்பாட்டையே நினைக்க வேண்டாம். அந்த மாதங்களில் சஹ்யாத்ரி அடிவாரத்து அருவிகளிலும் ஆறுகளிலும் உல்லாசமாகப் போனவர்கள் உயிரிழக்கும் செய்தி வருஷந்தோறும் வருகிறது.

எங்கே போவது?

மரம் இருக்கும் இடமெல்லாம் கட்டும் இடமல்ல. போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சிறுத்தைகள் உலாவும் காடு. கர்நாலா பறவைகள் சரணாலயம். மாதேரான் மலை 2003 முதல் சுற்றுச்சூழல் காப்பு மண்டலம். காட்டிலாகா அனுமதியின்றி இத்தகைய இடங்களில் இரவு தங்கினால் வழக்கு வரும்; வழக்கைவிடப் பெரிய ஆபத்தும் வரலாம்.

சட்டத்துக்கும் பைக்கும் ஒத்துவருவது தனியார் தோட்டம். மகாராஷ்டிர அரசு 2020-இல் விவசாயச் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. விவசாயிகள் தம் தோட்டத்தில் விருந்தினரைத் தங்கவைத்துச் சாப்பாடும் போடுகிறார்கள். அறை வேண்டாம், மரத்தடி மட்டும் போதும் என்று கேட்டால் வாடகை குறையும். கழிப்பறையும் கிணற்றுத் தண்ணீரும் கிடைக்கும். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலிருந்து கர்ஜத் சுமார் 100 கிலோமீட்டர். லோக்கல் ரயிலே போகிறது. டோம்பிவிலிக்காரர்களுக்கு அதில் பாதித் தூரம்தான். கர்ஜத், நேரல் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ உண்டு.

போகுமுன் தோட்டக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: மரத்துக்கு மரம் எத்தனை அடி? பழைய முறை மாந்தோப்பில் 10 மீட்டர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதில் தூளி கட்ட ஏணி வேண்டும். 4 முதல் 6 மீட்டர் இடைவெளியே உகந்தது. 4 மீட்டர் என்றால் சுமார் 1.6 மீட்டர் உயரத்தில் கட்ட வேண்டும். 5 மீட்டர் என்றால் 1.9, 6 மீட்டர் என்றால் 2.2. இப்படிக் கட்டினால் ஆள் உட்காரும்போது தூளியின் அடி ஒரு நாற்காலி உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்கும். அதற்கு மேல் உயர்த்துவது வீரமல்ல, விழுந்தால் அடி.

மரம் உயிருள்ளதாக, தொடைப் பருமனுக்குக் குறையாததாக இருக்க வேண்டும். தென்னையடி கூடாது, தேங்காய்க்குக் கண் உண்டு என்று நம்பி இரவெல்லாம் தலையைக் காட்டிப் படுக்க முடியாது. மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கட்டிய முசுறு எறும்புக் கூடு இருந்தால் வேறு மரம் பார்ப்பதே நல்லது. எந்த மரமானாலும் கயிற்றில் வேப்பெண்ணெயில் நனைத்த துணித் துண்டு ஒன்றைக் கட்டிவைத்தால் எறும்பு தயங்கும்.

செங்கல் தூண், காம்பவுண்டுச் சுவர்த் தூண், வீட்டு ஜன்னல் கம்பி, ஃபேன் கொக்கி எதிலும் கட்டக் கூடாது. தூளியின் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவதற்கு அவை கட்டப்படவில்லை. தூண் சரிந்து விழுவது படுத்திருப்பவர் மேல்தான்.

தரையைவிட்டு ஒன்றரை அடி

இந்த ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. நம் நாட்டில் கட்டுவிரியன் கடித்தவர்களில் பலர் இரவில் தரையில் படுத்துறங்கியவர்கள். அதன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. கடித்த தடமும் சரியாகத் தெரிவதில்லை. காலையில் வயிற்றுவலி, கண் இமை சரிவு என்று தொடங்கும்போதுதான் தெரியும். தூளியும் கட்டிலும் கொசுவலையும் அந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன.

கர்ஜத் இருக்கும் ராய்கட் மாவட்டத்தில் தேளுக்கும் ஒரு வரலாறு உண்டு. கொங்கணத்துச் செந்தேள் கொட்டினால் இதயமே பாதிக்கப்பட்டு ஆள் இறப்பது ஒரு காலத்தில் சாதாரணம். அதே மாவட்டத்து மஹாட் ஊரில் பணிபுரிந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் என்ற மாத்திரை அதற்கு மருந்தாகும் என்று 1980-களில் எடுத்துக்காட்டினார். சாவு வெகுவாகக் குறைந்தது. அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

ஆகவே தேளோ பாம்போ தீண்டினால் மந்திரிப்பது, கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. தீண்டிய இடத்தை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவில் தூளியிலிருந்து இறங்குமுன் டார்ச் அடித்துத் தரையைப் பார்க்க வேண்டும். செருப்பைத் தரையில் விடாமல் கயிற்றில் மாட்டிவைத்து, காலை நுழைக்குமுன் தட்ட வேண்டும். தலைக்கு ஒரு டார்ச் வேண்டும் என்பது ஆடம்பரமல்ல.

பிள்ளைகள் விஷயம்

தூளி சாதுவான பொருள்தான். ஆனால் கயிறும் துணியும் சேர்ந்தது. வீட்டில் தொங்கும் புடவைத் தூளியில் விளையாடிய குழந்தைகள் கழுத்தில் துணி முறுக்கிக்கொண்டு இறந்த துயரங்கள் நடந்திருக்கின்றன. ஆகவே சில கட்டளைகள் கண்டிப்பானவை. ஒரு தூளியில் ஒருவர். முறுக்கிச் சுழன்று விளையாடுவது கூடாது. நின்றுகொண்டு ஆடக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டக் கூடாது. மூன்று நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை தனியே தூங்கத் தூளி கட்டக் கூடாது. பாட்டியின் கட்டிலில் பாட்டியோடு படுக்கட்டும். பெரியவர்கள் கண் பார்வையில் இல்லாத நேரம் தூளியை அவிழ்த்துச் சுருட்டிவைக்க வேண்டும்.

தோட்டத்துக்குப் பகல் பொழுதோடு போய்விட வேண்டும். கட்டியதும் முதலில் ஆளை ஏற்றாமல், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கேன் இருபது கிலோ. அறுபது கிலோ ஆளின் தூளி ஆறு கேன்களைத் தாங்கினால் இரண்டு மடங்கு பலம் உண்டென்று பொருள். அப்போது தையலையும் முடிச்சையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு வீட்டுத் தலைவர் ஏறலாம். பிள்ளைகள் கடைசியில்.

படுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. தூளியின் நடுவில் உட்கார்ந்து, கால்களைத் தூக்கி, உடம்பைச் சற்று மூலைவாட்டில் திருப்ப வேண்டும். தலை ஒரு பக்க ஓரத்துக்கும் கால் மறு பக்க ஓரத்துக்குமாக இருந்தால் முதுகு ஏறக்குறைய நேராகிவிடும். நீளவாக்கில் நேரே படுத்தால் வாழைப்பழம்போல் வளைந்து காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதுதான்.

வாங்கும் ஒழுங்கு

எல்லாவற்றையும் ஒரே மாதச் சம்பளத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் கயிறும் பட்டையும். இவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். இவற்றில் பேரம் பேசலாம், தரத்தில் குறைக்கக் கூடாது. இரண்டாம் மாதம் பெரியவர்களுக்கான ஆறரை மீட்டர் துணியும் தையல் கூலியும். மூன்றாம் மாதம் தார்பாலினும் டார்ச்சுகளும். புடவை, விரிப்பு, கொசுவலை, ஜமக்காளம், மெல்லிய கயிறு, நாடா எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. சுருட்டிக் கட்டினால் நான்கு பள்ளிக்கூடப் பைகளில் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை லோக்கலில் யார் காலையும் மிதிக்காமல் ஏறலாம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு வேளைக்குப் போதும். மறுநாள் காலை தோட்டக்காரர் வீட்டுப் பாக்கரியும் சட்னியும். அடுப்பு மூட்டும் வேலை வேண்டாம். காய்ந்த சருகு நிறைந்த தோப்பில் நெருப்பு ஒரு விளையாட்டுப் பொருளல்ல. நைலான் துணிக்கும் நெருப்புக்கும் ஆகவே ஆகாது.

திரும்பி வந்ததும் தூளிகளை அலசி நிழலில் உலர்த்தி, கயிற்றைக் கைவிரலால் நீளம் முழுதும் தடவிப் பார்த்து, நைந்த இடம் இருந்தால் அந்தத் துண்டைக் கொடிக்கயிறாக்கிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் நைலான் பலமிழக்கும். ஆகவே பரணில் ஒரு துணிப் பையில் கட்டிவைப்பது நல்லது. அடுத்த முறை போகும்போது ரயில் டிக்கெட்டும் தோட்டக்காரருக்குக் கொடுப்பதும்தான் செலவு. எட்டு வயதுப் பையனுக்கு வந்த தூளி அவன் பத்து வயது ஆகும்வரை வரும். பிறகு அவனுக்கு அக்காவின் புடவைத் தூளி. அக்காவுக்கு ஒன்பது கஜம்.

அந்த ஒன்பது கஜத்தை எப்படி மடிக்க வேண்டும், முடிச்சை எங்கே போட வேண்டும் என்று பாட்டியைக் கேட்டுக்கொண்டால் நல்லது. இந்த வீட்டில் எல்லோருக்கும் முதல் தூளி கட்டியவர் அவர்தானே.